வாட்சுல அம்பத்தூர் நேரம்

21-4-2025
கள்ளிக்குப்பம், அம்பத்தூர்

கமலம்,

இன்னாது, மறுபடியும் வாட்சா? தங்கச்சி ஊட்டுக்கு பூட்டு எட்டு மாசம் கயிச்சு ஒரு கார்டு போடறே. அதுல மூணே வரி. அந்த மூணுலயும் என் வாட்சு தான் கெடச்சுதா உனக்கு? "உன் பாழாப்போன வாட்சு என் புள்ள மூஞ்சிய உசுரோட பாக்க உடல." இத்த போஸ்டுமேன் படிச்சுட்டு தான் என் கைல குடுத்தான். குடுத்துட்டு என் மணிக்கட்ட ஒரு பார்வ பாத்தான் பாரு, நான் இன்னாமோ பாம்ப சுத்திகினு நிக்கறா மாரி. கவர்ல போட்டா இன்னா கொறஞ்சு பூடும் உனக்கு?

போன் பண்ணா கட் பண்றே. உன் தங்கச்சி முனிம்மா போனுக்கு பண்ணா அது "அக்கா குளிக்குது"ன்னுது. காலைல பண்ணாலும் குளிக்கறே, சாயங்காலம் பண்ணாலும் குளிக்கறே. பூந்தமல்லில தண்ணி கஷ்டம்னாங்க, யாராலன்னு இப்ப தான் தெரியுது. அதான் எய்தறேன். நான் அஞ்சாவது பெயிலு, நீ எட்டாவது பாஸு. தப்பு இருந்தா செவப்பு பேனால சுழிச்சு அனுப்பு.

சரி, ஒரே ஒரு தபா மொதல்லேர்ந்து சொல்றேன். அப்பால வாட்சு பேச்சே எடுக்கக் கூடாது.

அரவிந்துக்கு தலைல நரம்பு வெடிச்சுட்ச்சு, மெல்போர்ன் ஆஸ்பத்திரில மிசின்ல வெச்சுகீறாங்க, ஜல்தி வாங்க மாமான்னு நம்ம மருமவ அகல்யா போன் பண்ணுச்சு. டிக்கெட்டும் அதுவே போட்டுச்சு. அவசரத்துக்கு கெடச்சது மலேசியா சுத்திகினு போறது தான். காலைல ஆறரைக்கு கோலாலம்பூர்ல எறக்கி உட்டுருவான், மறு ப்ளைட்டு சாயங்காலம் அஞ்சரைக்கு. பதினோரு மணி நேரம். நீ அந்த ஏர்போர்ட்டு நாற்காலில பைய வயித்தோட அணைச்சுகினு குந்திகினு கீறே. கண்ணு ரெண்டும் கோவப்பழம். பதினோரு மணி நேரம் உன்ன அப்டியே பாத்துகினு இருக்க என்னால முடியுமா? அதான் சொன்னேன், இங்க ஒரு முருகன் கீறாராமே, பத்து மலையாமே, போய் புள்ளைக்கு வேண்டிகினு வந்துரலாம்னு. ப்ளைட்டுல கூட வந்த ஆம்பூர்காரரு, ஊருக்குள்ள போறதுக்கு போன்லயே பாரம் நெரப்பி குடுத்தாரு. போனோம். வந்தோம். வாட்சு நம்ம ஊரு மணில ஓடிகினு கீதுன்றத மறந்துட்டேன். அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்ன ஓடுது. ப்ளைட்டு பூட்ச்சு. அவ்ளோ தான்.

முப்பது வருசம் அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அடிக்கற பிரஸ்ஸு ஷாப்புல வேல பாத்தவன், கம்பெனி குடுத்த வாட்சு. சங்கு ஊதற நேரத்துக்கு வெச்சது, ஒரு நாளு திருவுனது இல்ல. அது அம்பத்தூர் நேரம் தான் காட்டும். அதுக்கு தெரிஞ்சது அவ்ளோ தான், எனக்கும் அவ்ளோ தான்.

வைகாசில அரவிந்துக்கு மொத தெவசம் வருது. நம்ம ஊட்ல வெச்சு பண்ணணும். அவன் பொறந்த ஊடு. நீ வந்துரு. வெங்காயம் நறுக்க ஆளு இல்லாம நான் அழாம கீறேன்.

வேம்புலி


27-4-2025
பூந்தமல்லி

அரவிந்து நைனாவுக்கு,

கமலம் எய்தறது. போஸ்டுமேன் படிச்சா படிக்கட்டும். ஊரே படிக்கட்டும்.

மொதல்லேர்ந்து சொல்றேன்னு பாதிய முழுங்கிட்டு சொல்லிகீறே. மீதிய நான் சொல்றேன்.

நான் வரலன்னு தான் சொன்னேன். அந்த பைல இன்னா இருந்துச்சுன்னு உனக்கு தெரியும். திருமுல்லைவாயல் கோயில் துன்னூறு. அவன் நெத்தில வெச்சுடணும், வெச்சா கண்ண தொறப்பான்னு ஒரு நெனப்பு. முருகன்னு சொல்லி இஸ்தே, வந்தேன். ரயில்ல குந்தினதும் ஆரம்பிச்சே உன் கூத்த. எதிர்ல இருந்த சீனாக்கார கெயவிய காட்டி "இவ நம்ம கமலத்துக்கு அக்கா மாரி கீறா, மூஞ்சில அதே கடுகடுப்பு"ன்னே. புள்ள மிசின்ல கெடக்கறான், நீ கெயவிய கலாய்க்கறே.

எரநூத்தி எழுவத்திரெண்டு படி. மூட்டு வலியோட ஏறுனேன். கீயே மரத்தாண்ட செருப்ப கயட்டி வெச்சோம். மேல நான் கும்புட்டு முடிக்கல, நீ தண்ணி குடிக்கறேன்னு முன்ன எறங்கிட்டே. நான் மூணு சுத்து சுத்தி, அவனுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிகினு மெதுவா எறங்கி வந்தா, நீ படிக்கட்டு கீயே வெறுங்கால்ல நிக்கறே. செருப்பு காணோம். அதுக்கு உன் மூஞ்சி போன போக்க நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். வாய் தொறந்து கீது, கண்ணு எங்கியோ கீது, ஊட்ல எழவு வுயுந்தா மாரி நின்னே. நான் சிரிச்சுட்டேன். மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்காதவ, வயித்த புடிச்சுகினு அந்த படிலயே குந்திகினு சிரிச்சேன். "யோவ், செருப்பு தானேயா, வேற வாங்கலாம்"னு சொன்னேன்.

ஒரு சோடி செருப்புக்கு அந்த மூஞ்சி வெச்சவன், பெத்த புள்ள பொட்டில கெடந்தப்ப ஒரு சொட்டு கண்ணீர் உடல. அகல்யாவோட ஊட்டுக்காரங்க எல்லாம் உன்ன பாத்தாங்க. எனக்கு மானம் போச்சு.

வாட்ச மறந்துட்டியாம். அந்த ரயில் டேசன்ல வண்டி சக்கரம் சைசுல கடியாரம் தொங்குது. நீ அத்த அண்ணாந்து பாத்தே. நீ பாத்தத நான் பாத்தேன்.

அஞ்சரை ப்ளைட்ட புடிச்சிருந்தா விடியகால மூணரைக்கு மெல்போர்ன்ல எறங்கியிருப்போம். அஞ்சுக்கு ஆஸ்பத்திரி. அவன் உசுரு போனது காலைல ஏழு மணிக்குன்னு அகல்யா சொல்லுச்சு. ரெண்டு மணி நேரம், யோவ். ரெண்டு மணி நேரம் அவன் கைய புடிச்சுகினு இருந்திருப்பேன். நாம போய் சேந்தது அன்னிக்கி பொயுது சாஞ்சு. துன்னூற பொணத்துக்கு வெச்சேன்.

தெவசம் இங்க தான். முனிம்மா ஊட்ல. நீ வர வேணாம்.

கமலம்


4-5-2025
அம்பத்தூர்

கமலம்,

கையெயுத்து முத்து முத்தா கீது. திட்றதுக்கு கூட கோடு போட்டு எய்துவியா?

அந்த சீனாக்கார கெயவிய பத்தி நீ சொன்னது சரி. ஆனா அவ உன்ன பாத்து சிரிச்சா, ஒரு ஆரஞ்சு மிட்டாய் குடுத்தா, நீ வாங்கி வாய்ல போட்டுகினே. அத்த ஏன் எய்தல?

மீதி நாளையும் எய்தலாமே. நான் எய்தறேன். செருப்பு இல்லாம நான் அந்த சிமெண்டு தரைல துள்ளி துள்ளி நடந்து வந்தேன், நீ பின்னாடி சிரிச்சுகினே வந்தே. நம்ம ஆளுங்க கட வெச்சுகீற தெருவுக்கு போனோம். பூக்கடை, பாட்டு, மசாலா வாசன. நம்ம பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட தொடச்சு வெச்சா எப்டி இருக்குமோ அப்டி இருந்துச்சு. நீலக் கலரு ரப்பரு செருப்பு நீ தான் எடுத்து குடுத்தே. "உனக்கு இது தான் லாயக்கு, தோலு வாங்கி குடுத்தா மறுபடி எவனுக்கோ தானம் பண்ணுவே"ன்னே. இன்னும் அத்த தான் போட்டுகினு கீறேன். குதிகால்ல தேஞ்சு பூட்ச்சு.

அப்பால எல சாப்பாடு. பரிமாற வந்த அம்மா, எந்த ஊருன்னு கேட்டுச்சு. நீ அம்பத்தூருன்னே. அதுக்கு அம்பத்தூர் தெரியல. "மெட்ராஸு தான், ஆனா மெட்ராஸ் இல்ல"ன்னு நீ அரமணி நேரம் வெளக்குனே. புள்ள ஒடம்பு சரியில்லாம கீறான், பாக்க போறோம்னு சொன்னே. அந்த அம்மா உன் தலைல கைய வெச்சு, நல்லா ஆயிடுவாம்மான்னுச்சு. நீ ரெண்டாவது தபா சோறு வாங்கி துன்னே. மோரு ஊத்தி.

அப்பால அந்த ரெட்ட கட்டடம். கொக்கு மாரி கயுத்த தூக்கிகினு பாத்தே. "அரவிந்து இந்த மாரி கட்டடத்துல தான் வேல பாக்கறானா?"ன்னு கேட்டே. ஆமான்னேன். அவனுக்கு போட்டோ காட்டணும், எடுன்னே. நான் எடுத்த போட்டோல உன் தல இல்ல. கட்டடத்துக்கும் தல இல்ல. நீ அதுக்கும் சிரிச்சே.

இத்த எல்லாம் ஏன் சொல்றேன்னா, அந்த ஒரு நாளு நீ நல்லா இருந்தே கமலம். அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. அந்த ஒரு நாளு. அத்த ஏன் போட்டு மெதிக்கறே?

கடியாரம் பாத்தேனா? பாத்திருப்பேன். கொசு பாத்திருப்பேன், பல்லி பாத்திருப்பேன். எல்லாமா ஞாபகம் இருக்கும்?

வேம்புலி

மாமரம் பூத்து பிஞ்சு உட்டு எல்லாம் உதுந்து பூட்ச்சு. நீ இருந்தா திட்டுவேன்னு நெனச்சு கூட்டி வெச்சுகீறேன்.


9-5-2025
பூந்தமல்லி

அரவிந்து நைனாவுக்கு,

நல்ல நாளா? எனக்கா? அந்த நாள நெனச்சா நான் துன்ன சோறு இப்பவும் நெஞ்சுல நிக்குது. என் புள்ள கடேசி மூச்ச இஸ்துகினு கெடந்தப்ப நான் மோரு ஊத்தி துன்னுகினு இருந்தேன், நீ பல்ல இளிச்சுகினு இருந்தே. அத்தயும் முழுசா எய்தலியே. சாப்புட குந்தினதும் கக்கூஸ்க்கு போறேன்னு போனவன் அரமணி நேரம் வரல. கொயம்பு ஒத்துக்கலன்னே. உன் எலைல வெச்ச சோறு வெச்சபடியே கெடந்துச்சு.

இனிமே அந்த ஊரு பேச்சு வேணாம். வேலைக்கு வருவோம்.

இங்க பஞ்சாங்கம் பாக்கற வாத்தியாராண்ட தெவசத்துக்கு நாளு கேக்க போனேன். செத்த நாளு மட்டும் பத்தாது, எந்த ஊர்ல எத்தினி மணிக்குன்னு சரியா வேணும், அத்த நம்ம ஊரு நேரத்துக்கு மாத்தி தான் திதி பாக்கணும்னாரு. அகல்யா சொன்ன ஏழு மணிய சொன்னேன். அப்டின்னா அஷ்டமி, ஜூன் ரெண்டுன்னாரு. ஆனா பேப்பர்ல இன்னா போட்டுகீதுன்னு ஒருக்கா பாத்துக்கோங்கம்மா, மொத தெவசத்துல வெக்கற திதி தான் காலத்துக்கும், தப்பான நாள்ல படைச்சா அவனுக்கு போய் சேராது, பசியோட நிப்பான்னாரு.

சாவு சர்டிபிகேட்டு நம்ம பீரோல கீது. இங்கிலீசுல கீது. மாடில குடியிருக்கற ரோஷினிய படிச்சு சொல்ல சொல்லி, மணிய மட்டும் எய்தி அனுப்பு. வேற ஒன்னும் எய்தாதே.

கமலம்


14-5-2025
அம்பத்தூர்

கமலம்,

பீரோ சாவி காணோம். நெசமா தான். உன் கொத்துலயே கீதோ இன்னாவோ. ரோஷினி வேற கம்பெனி வேலையா பெங்களூர் பூட்ச்சு. வந்ததும் கேக்கறேன்.

அது கெடக்கட்டும். எனக்கு ஒன்னு தோணுது. ஜூன் ரெண்டு திங்கக்கெயம. எவன் லீவு போட்டுகினு வருவான்? முன்ன நாளு ஒன்னாந்தேதி ஞாயித்துக்கெயம. அன்னிக்கே வெச்சுட்டா இன்னா? சப்தமி தானே அன்னிக்கி? சப்தமி நல்லது தான். அஷ்டமி எதுக்கும் ஆவாதுன்னு எங்கம்மா சொல்லும்.

இல்லாட்டி ரெண்டு நாளும் படைச்சுரு. ஒரு நாளு அதிகமா சோறு போட்டா அவன் வேணாம்னு சொல்லப் போறானா? சின்னதுலயே ரெண்டு தபா துன்னுட்டு துன்னலன்னு சொல்றவன் தானே. நீ ஒரு தபா கரண்டில போட்டியே.

எப்டியாவது ஞாயித்துக்கெயம ஒரு எல போட்டுரு கமலம். எனக்காக போடு. நான் வரல, வாசப்படி கூட ஏறல. அவனுக்கு கருவாட்டு கொயம்பு புடிக்கும், தெவசத்துல வெக்க மாட்டாங்க, தெரியும். வாழக்கா வறுவலாவது வெய்யி. ஞாயித்துக்கெயம. மறந்துராதே.

வெயிலு மண்டைய பொளக்குது. உன் மூட்டு எப்டி கீது?

வேம்புலி


20-5-2025
பூந்தமல்லி

அரவிந்து நைனாவுக்கு,

நாப்பத்திரெண்டு வருசமா உன்ன பாக்கறேன். நல்ல நாளு கெட்ட நாளு பாத்து நீ ஒரு வேல செஞ்சது இல்ல. கல்யாணத்துக்கே ராவு காலத்துல தாலி எடுத்துகினு வந்த ஆளு. நீ சப்தமின்னு எய்தறே. ஒரு தபா இல்ல, மூணு தபா ஞாயித்துக்கெயமன்றே.

பீரோ சாவி கதவுக்கு பின்னாடி ஆணில தொங்குது. அது காணாம போற சாவி இல்ல.

அகல்யாவுக்கு போன் பண்ணேன். திதிக்கு வேணும், உம் புருசனுக்கு சோறு போய் சேரணும், பொய் சொல்லாதே தாயின்னேன். அப்பால, "ஜூன் பதிமூணாம் தேதி மத்தியானம் பன்னெண்டு நாப்பது அத்தே"ன்னுச்சு. ஏழு மணின்னியேன்னேன். "மாமா தான் அப்டி சொல்ல சொன்னாரு, அவரையே கேளுங்க"ன்னு அயுதுகினே வெச்சுட்ச்சு.

பதினாலு இல்ல. பதிமூணு. நாம மலேசியால இருந்த அன்னிக்கி.

காலண்டர் தாள கியிச்சு பின்னாடி கணக்கு போட்டேன். மெல்போர்ன்ல பன்னெண்டு நாப்பதுன்னா மலேசியால பத்து நாப்பது. உன் வாட்சுல எட்டு பத்து. பத்து நாப்பதுக்கு நான் படி மேல நின்னு அவனுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிகினு இருந்தேன். அவன் போய்ட்டான், நான் வேண்டிகினு இருந்தேன்.

எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். உனக்கு எப்ப தெரியும்?

போஸ்டுல போடாதே. உன் பேச்சயும் நான் கேக்க மாட்டேன். பேச ஆரம்பிச்சா நீ எதயாவது சொல்லி சிரிக்க வெச்சுருவே, நான் சிரிச்சுட்டா அப்பால என்ன நானே மன்னிக்க மாட்டேன். முப்பத்தோராந்தேதி சனிக்கெயம காலைல பத்து மணிக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வா. ஆவடி பஸ்சு நிக்கற எடத்துல பெஞ்சு கீது. பேப்பர் பேனா எடுத்துகினு வா. என் பக்கத்துல குந்திகினு எய்து. நான் படிக்கறேன். வாய தொறந்தா எயுந்து போயிருவேன்.

கமலம்


31-5-2025
பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு

கமலம்,

பக்கத்துல குந்திகினு கீற பொண்டாட்டிக்கு கடுதாசி எய்தற மொத ஆளு நானா தான் இருப்பேன். டீக்கடக்காரன் நம்மள பாக்கறான், பாகப்பிரிவன போலன்னு நெனச்சுகினு

சரி, பேப்பர தட்டாதே. வெளையாடல.

எளச்சு பூட்டே. இத்த மட்டும் எய்திக்கறேன். செருப்ப கயட்டிட்டு கால மேல வெச்சுக்கோ, மூட்டுக்கு நல்லது. ஆங், அப்டித்தான்.

இரு, சொல்றேன். மடில வெச்சு எய்தறேன், எயுத்து கோணலா வரும்.

நான் தண்ணி குடிக்க எறங்கல. பீடி வலிக்க எறங்குனேன். சாமி மேல கீறப்ப பொய் சொன்னேன். படிக்கட்டு கீயே ஒரு கடையாண்ட நின்னு பத்த வெச்சேன். போன் அடிச்சுது. அகல்யா வெளிநாட்டுலயும் பேசறதுக்கு பேக் போட்டு உட்டிருந்துச்சே, அந்த போனு. "மாமா, அவரு போய்ட்டாரு"ன்னுச்சு. எங்கன்னு கேட்டேன் கமலம். நெசமா கேட்டேன், எங்கம்மா போய்ட்டான்னு. அது அயுதுச்சு. அப்ப தான் புரிஞ்சுது. வாட்ச பாத்தேன். எட்டு இருவது. எஸ்டேட்ல மொத ஷிப்டு ஆளுங்க டீ குடிக்கற நேரம். அப்டி தான் தோணுச்சு, வேற ஒன்னும் தோணல.

செருப்பு போட்டுக்கலாம்னு மரத்தாண்ட போனேன். இல்ல. எது இல்லன்னு எனக்கு வெளங்கவே இல்ல. செருப்பு இல்லன்றது கண்ணுக்கு தெரியுது, மண்டைக்கு ஏறல. நீ எறங்கி வந்தே. என் மூஞ்சிய பாத்தே.

அது செருப்புக்கு வெச்ச மூஞ்சி இல்ல.

நீ சிரிச்சே. மூணு நாளா கல்லு மாரி இருந்தவ, அந்த படில குந்திகினு, பொடவைய வாய்ல வெச்சுகினு, ஒடம்பு குலுங்க சிரிச்சே. "செருப்பு தானேயா"ன்னே. நான் வாய தொறந்தேன். சொல்லத் தான் தொறந்தேன். ஆனா நீ சிரிச்சுகினு கீறே. அந்த நிமிசத்துல சொன்னா, சிரிச்சுகினு கீறப்ப புள்ள செத்த சேதி கேட்டவன்னு காலத்துக்கும் நீ உன்னயே கொன்னுக்குவே. இப்ப வேணாம், சிரிப்பு அடங்கட்டும், அப்பால சொல்லலாம்னு நெனச்சேன். சிரிப்பு அடங்குச்சு, நீ செருப்பு வாங்கலாம்னே. செருப்பு வாங்குனதும் சொல்லலாம்னு நெனச்சேன். பசிக்குதுன்னே. நீயா வாய தொறந்து பசிக்குதுன்னே. துன்னட்டும்னு நெனச்சேன்.

கக்கூஸ்ல கொயாய தொறந்து உட்டுகினு அயுதேன். அரமணி நேரம். அங்கியே எல்லாத்தயும் அயுது முடிச்சுட்டேன் போல, மெல்போர்ன்ல வரல. வந்த கொஞ்சத்தயும் அடக்கிகினேன். நீ சந்தேகப்படுவேன்னு.

ஆமா, கடியாரம் பாத்தேன். ரயில் டேசன்ல நாலே கால் காட்டுச்சு, என் வாட்சுல ஒன்னே முக்கா. ஓடியிருந்தா ப்ளைட்ட புடிச்சிருக்கலாம். ஓடல. எட்டு மணி நேரம் அந்த ப்ளைட்டுல உன் பக்கத்துல குந்திகினு, நீ துன்னூத்து பொட்டலத்த தொட்டு தொட்டு பாக்கறத பாத்துகினு வர எனக்கு தைரியம் இல்ல. உனக்காகன்னு சொல்லிகினேன். பாதி எனக்காக. அங்க போய் எறங்குனா தான் அவன் செத்தவன். அது வரைக்கும் உன்னாண்ட அவன் உசுரோட கீறான். இன்னும் ஒரு நாளு இருக்கட்டுமேன்னு வாட்ச காட்டி டபாய்ச்சேன்.

இரு, பேப்பர இஸ்காதே. ரெண்டு மணி நேரத்த சொல்லிடறேன்.

அகல்யாவாண்ட நான் தான் சொன்னேன், அத்தையாண்ட மறுநாள் காலைல ஏழு மணின்னு சொல்லும்மான்னு. சிரிச்ச அன்னிக்கி அவன் செத்தான்னு உனக்கு தெரியக் கூடாதுன்னு. வாய்க்கு வந்த மணிய சொன்னேன். கணக்கு பாக்கல. மூணரைக்கு எறங்கியிருப்போம், அஞ்சுக்கு ஆஸ்பத்திரி, ரெண்டு மணி நேரம்னு நீ கணக்கு போடுவேன்னு எனக்கு ஒறைக்கவே இல்ல. அஞ்சாவது பெயிலு. அந்த ரெண்டு மணி நேரம் இல்லவே இல்ல கமலம். எந்த ப்ளைட்ட புடிச்சிருந்தாலும் நீ அவன உசுரோட பாத்திருக்க மாட்டே. அந்த ரெண்டு மணி நேரத்த நான் தான் பொய்யா செஞ்சு உன் கைல குடுத்தேன். நீ அத்த வெச்சுகினு ஒரு வருசமா மார்ல அடிச்சுக்கறே. வெச்சுக்கோன்னு சொல்லவும் முடியல, குடுத்துருன்னு கேக்கவும் முடியல. கேட்டா சிரிச்சத சொல்லணும். வாட்சு மேலயே பயி கெடக்கட்டும்னு உட்டுட்டேன். திட்டுனா கூட ஒரு கார்டு வருதேன்னு

அந்த சோறு திதி தப்பி போயிடுமோன்னு தான் என்னால தாங்க முடியல. இல்லன்னா சாவற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நாளைக்கு சப்தமி. நாளைக்கு தான் அவன் நாளு. நம்ம ஊட்ல அரிசி வாங்கி வெச்சுகீறேன், வாழக்கா கீது, நீ வந்தா

கமலம். எங்க போறே? இன்னும் ரெண்டு வரி கீது, படிச்சுட்டு போ. ஏய். வாய தொறக்க மாட்டேன்னு சொல்லிகீறேன், கூப்புட முடியாது, திரும்பி பாரு. பெஞ்சுக்கு கீயே பாரு. உன் செருப்பு கெடக்குது. வெறுங்கால்ல போறே, தாரு கொதிக்குது, செருப்ப போட்டுகினாவது